காம்பவுண்ட் சுவரை எங்கிருந்து அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கட்டட மேஸ்திரி. செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1983ஆம் வருடம், பதினேழு வயதில், மண்வெட்டி பிடிக்க மெட்ராஸுக்கு வந்தவன். ஆறு வருடம் கையாள், அப்புறம் கொத்தனார், அதற்கும் அப்புறம் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்தேன். மடிப்பாக்கம், புழுதிவாக்கம், கீழ்க்கட்டளை, நங்கநல்லூர், ஆதம்பாக்கம் வட்டாரத்தில் நான் வேலை செய்யாத தெரு குறைவு. கட்டிய வீடுகளை எண்ணிச் சொல்லிவிடுவேன். காம்பவுண்ட் சுவர் எத்தனை கட்டினேன், எத்தனை சுவரை உயர்த்திக் கொடுத்தேன் என்று கேட்டால் கணக்கு இல்லை. அந்தச் சுவர்களின் உயரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். 1991ல் நாங்கள் கட்டிய வீடு. கேட் மாற்ற வேண்டுமாம். அந்த கேட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழ்ப்பாதி முழுக்கத் தகடு. அதில் ஒரு தாமரையை வெட்டி ஒட்டியிருந்தார் பட்டறைக்காரர். நீளத் தண்டு, பக்கத்துக்கு ஓர் இலை, மேலே பூ. இப்போது போய்ப் பார்த்தால் தண்டையே காணோம். இலையில் பாதி இல்லை. தெருவில் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் கேட் தரையில் இடித்துத் திறக்காமல் நிற்கும். உடனே வெல்டரைக் கூப்பிட்டு அடியில் நாலு அங்குலம் வெட்டச் சொல்வார்கள். இப்படி மூன்று முறை வெட்டி, ஒரு முறை கீலையே பெயர்த்து மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். "பூ மட்டும் ரோட்ல படுத்துக் கிடக்குது பாருங்க மேஸ்திரி" என்றார் அந்த வீட்டு அம்மா.

டேப்பை எடுத்து அளந்தேன். நாங்கள் கட்டிய காம்பவுண்ட் நாலரை அடி. உள்ளே நின்று பிடித்தால் இன்றைக்கும் அதே நாலரை அடிதான். தெருவில் நின்று பிடித்தால் இரண்டே முக்கால் அடி. ஒன்றே முக்கால் அடிச் சுவரைத் தெரு விழுங்கியிருக்கிறது. அன்று முற்றத்திலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். இன்று அந்த மேல் படியே தெருவைவிட மூன்று அங்குலம் பள்ளத்தில் இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே சிமெண்டில் ஒரு திண்டு கட்டி மழைத் தண்ணீரைத் தடுத்திருக்கிறார்கள்.

"கேட்டோட சேர்த்துச் சுவரையும் மூணடி தூக்கிக் கொடுத்துடுங்க. ரோட்ல நடந்து போறவங்க உள்ள என்ன சமையல்னு பார்த்துட்டுப் போறாங்க" என்றார் அந்த அம்மா.

அவர் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி சுவர்கள் இப்படித்தான் உயர்ந்தன. யாரும் பக்கத்து வீட்டுக்காரரை ஒதுக்க வேண்டும் என்றோ, கோட்டை மாதிரி இருக்க வேண்டும் என்றோ ஆரம்பிப்பதில்லை. தெரு ஏறுகிறது, சுவர் குட்டையாகிறது, சுவரைத் தூக்குகிறோம். மறுபடி தெரு ஏறுகிறது. இதில் சுவருக்கு என்ன உயரம் என்று விதி போட்டாலும், அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று சொல்லாதவரை அந்த விதிக்கு வேலை இல்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அதுதான்.

நான் பல வருடம் ஓர் இன்ஜினீயரிடம் வேலை பார்த்தேன். சைட்டில் சாப்பாட்டு நேரத்தில் தடிப் புத்தகத்தை எடுத்து வைத்து எங்களுக்குப் படித்துச் சொல்வார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, 2016ல் திருத்தி வந்தது. அதில் காம்பவுண்ட் சுவருக்குத் தனியாக அளவு இருக்கிறது. வீட்டு மதில் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. 2.4 மீட்டர் வரை, அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் குறைய, ஏற்ற வேண்டுமானால் மேலே இருக்கிற 0.9 மீட்டரும் காற்றும் வெளிச்சமும் புகும்படி திறந்த வேலையாக இருக்க வேண்டும், கிரில்லோ ஜாலியோ. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், துணை மின் நிலையம் போன்றவற்றுக்கு 2.4 மீட்டர் வரை அனுமதிக்கலாம். சிறைச்சாலை மதிலுக்கு மட்டும் இந்த அளவெல்லாம் பொருந்தாது. அதைக் கேட்ட அன்று எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டடிச் சுவர் எழுப்பி, மேலே ஈரக் கலவையில் பீர் பாட்டில் சில்லைக் குத்திக் குத்தி நான் கொடுத்த வீடுகள் கண்முன்னே வந்தன. ஒரு வீட்டில் அந்தச் சில்லில் காலை வைத்து அறுத்துக்கொண்ட பூனை ஒரு வாரம் நொண்டியது.

அதே புத்தகத்தில், அந்த ஒன்றரை மீட்டரை எங்கிருந்து அளக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெருவின் நடுக்கோட்டிலிருந்து. தெரு ஒரே மட்டத்தில் நிற்கும் ஊருக்கு இது நல்ல கணக்கு. நம் ஊரில் தெருவின் நடுக்கோடு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மேலே ஏறுகிறது. அப்படியானால் சட்டப்படி அனுமதிக்கும் சுவரும் கூடவே ஏறிக்கொண்டே போகும். மடிப்பாக்கத்து வீட்டில் இன்றைக்குத் தெருவிலிருந்து ஐந்தடி வைத்தால் உள்ளே நிற்பவருக்கு அது ஆறே முக்கால் அடி. முற்றத்துத் துளசி மாடத்துக்குக் காலை வெயில் வராது.

இன்னொரு விதமாகவும் உயரம் ஏமாற்றும். இதை எழுதும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற சமாச்சாரம் இது.

தெரு ஏறிய பிறகு மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பலர் முற்றத்தில் மண் கொட்டி மேடாக்குகிறார்கள். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அப்போதும் சுற்றிலும் மண் அடித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு லாரி, மூன்று லாரி செம்மண். அந்த மண் போய் எதன்மேல் சாய்கிறது? பக்கத்து மனைக்கும் இவர்களுக்கும் நடுவில் இருக்கிற நாலரை அங்குல காம்பவுண்ட் சுவரின்மேல். அந்தச் சுவர் எல்லை காட்டுவதற்காக ஒற்றைச் செங்கல் அகலத்தில் கட்டியது. அஸ்திவாரம் ஒன்றரை அடி இருந்தாலே அதிகம். மண்ணைத் தாங்க அதைக் கட்டவில்லை. கட்டிய எனக்குத் தெரியும்.

இப்படி ஒரு சுவரை நானே பார்த்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை விட்டு இரண்டு நாள் கழித்து, புழுதிவாக்கத்தில். வீட்டுக்காரர் பக்கம் மூன்றடி மண் நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் காலி மனை, பழைய பள்ளத்திலேயே இருந்தது. வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று பார்த்தால் சுவர் ஐந்தடி, சாதாரணச் சுவர். காலி மனையில் இறங்கி நின்று பார்த்தால் எட்டடி. அதில் கீழ் மூன்றடிக்குப் பின்னால் ஈர மண். தண்ணீர் வடிய அடியில் ஓர் ஓட்டைகூட விடவில்லை. இருபதடி நீளத்துக்குச் சுவர் அப்படியே பலகை மாதிரி காலி மனைக்குள் படுத்துவிட்டது. விழுந்தது இரவில். பகலில் அந்த மனையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஸ்டம்புக்கு அடுக்கி வைத்திருந்த மூன்று செங்கல் சுவருக்கு அடியில் ஓரமாகத் தெரிந்தன. அதைப் பார்த்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சுவரைத் தள்ளும் பலத்தைப் பற்றி இன்ஜினீயர் சார் ஒரு கணக்குச் சொல்வார். சுவருக்குப் பின்னால் ஓரடித் தண்ணீர் நிற்பதைவிட இரண்டடி நின்றால் தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். சுவரை அடியோடு சாய்க்கும் பலம் எட்டு மடங்கு. ஈர மண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் "இன்னும் ஓரடிதானே மேஸ்திரி" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம். எங்கள் பக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண் பூமி வேறு. வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். நாலு வருடம் போனால் பில்லருக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும். போதாக்குறைக்கு, 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, இடம் இல்லாத வீடுகளில் அந்தக் குழியையும் காம்பவுண்டை ஒட்டித்தான் தோண்டினோம். மழைநீர் சேகரிப்பு வேண்டும்தான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் சுவரின் காலடியிலேயே தண்ணீரை இறக்கிவிட்டு, மேலே நாலு வரிசை ஹாலோ பிளாக் ஏற்றினால் அது எத்தனை நாள் நிற்கும்?

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மழையில் மதில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது தங்களை ஒதுக்குவதற்காக எழுப்பிய சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். சுமார் இருபதடி உயரமுள்ள கருங்கல் மதில். அதன் நிழலில் ஓட்டு வீடுகள். அந்தச் செய்தியை டீக்கடையில் படித்தபோது என் கூட இருந்த கொத்தனார்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: கட்டிய இடத்திலிருந்து அல்ல, வீடுகள் இருக்கும் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்து அதன் உயரத்தை யாராவது அளந்தார்களா?

ஆகவே பக்கத்து மனையை ஒட்டிய சுவரின் உயரத்தைப் பள்ளமான பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். யார் பக்கம் விழுமோ அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு பக்க மண்ணுக்கும் ஓரடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை காம்பவுண்ட் சுவர் என்று எழுதவே கூடாது. மண் தாங்கும் சுவர் என்று எழுதி, இன்ஜினீயர் வரைபடம் போட்டு, கம்பி கட்டி, தண்ணீர் வடிய ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும். செலவு அதிகம்தான். மூன்று லாரி மண்ணுக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது தெருமுனை.

புழுதிவாக்கத்திலேயே ஒரு முனை வீடு. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். கணவர் இறந்து தனியாக இருக்கிறார், பையன் புனேயில். 2018ல் நான்தான் அவருக்கு மூன்றரை அடிச் சுவரை ஏழடியாக உயர்த்திக் கொடுத்தேன். முனையில் கொஞ்சமும் குறைக்காமல் இரண்டு தெரு ஓரமும் ஒரே உயரம். கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, எதிர்ச்சாரியில் ஒரு மாடி வேலை. பத்து நாள் அந்த முனையைப் பார்த்தபடி சாரத்தில் நின்றேன். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு தெருவும் தெரியும். கீழே வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுவரைத் தாண்டி வண்டியின் முன்சக்கரம் தெருவுக்குள் வந்த பிறகுதான் ஓட்டுபவரின் கண்ணுக்கு அடுத்த தெரு தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பிரேக், எத்தனை ஹாரன்! ஆறாம் நாள் காலை எட்டரை மணி. ஸ்கூட்டரில் பின்னால் யூனிஃபார்ம் போட்ட பையனை வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். இன்னொரு பக்கம் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி. இரண்டும் வேகமாக வரவில்லை. மேலே நின்ற எனக்கு நடக்கப்போவது தெரிந்தது, கத்தினேன், கேட்கவில்லை. பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கேன்கள் உருண்டு தெரு முழுக்கத் தண்ணீர்.

சாரத்தை விட்டு இறங்கி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். "இந்த முனையை வெட்டணும்மா" என்றேன்.

"என்ன மேஸ்திரி, நீங்கதானே கட்டினீங்க? அன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"தப்புதாம்மா. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். கூலி வேண்டாம், நான் பண்ணித் தரேன்."

அவருக்கு இருந்த பயத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்கள் பாட்டிலைச் சுவருக்கு மேல் உள்ளே எறிவார்கள். தனியாக இருக்கிற பெண்மணிக்கு ஏழடிச் சுவர் ஒரு தைரியம். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். நான் அவரிடம் சொன்னது இதுதான்: "டீச்சர், ஏழடிச் சுவர் ஏறுறவனுக்கு ஒரு நிமிஷ வேலை. உள்ள குதிச்சுட்டான்னா அப்புறம் தெருவுல போற ஒருத்தருக்கும் அவன் தெரிய மாட்டான். கிரில் வழியா உங்க வாசல் தெரிஞ்சா, எதிர்வீட்டு அக்கா பால் வாங்க வரும்போது உங்க கதவைப் பார்ப்பாங்க." நாற்பது வருடம் வீடு வீடாக வேலை செய்ததில் நான் பார்த்தது அது. திருட்டுப் போன வீட்டுக்குப் பூட்டு மாற்ற, ஜன்னல் கம்பி வைக்க என்று எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பல இடங்களில் திருடன் நிதானமாக உட்கார்ந்து கம்பியை அறுத்தது பின்பக்கத்து உயரச் சுவரின் மறைவில்தான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். முனையிலிருந்து இரண்டு பக்கமும் பன்னிரண்டு அடிக்குச் சுவரை இரண்டரை அடியாக இறக்கி, மேலே நாலரை அடிக்கு நெருக்கமான கிரில் வைத்தோம். மொத்த உயரம் அதே ஏழடிதான். கிரில்லுக்கு மட்டும் பணம் கொடுத்தார். இன்று அந்த கிரில்லில் சங்குப்பூ ஏறியிருக்கிறது. பார்வையை மறைக்காமல் மாதம் ஒரு முறை டீச்சரே கத்தரித்துவிடுகிறார்.

இரண்டரை அடி என்று நான் சும்மா வைக்கவில்லை. அதே தேசிய நெறித்தொகுப்பில் முனை மனைக்குத் தனி அளவு இருக்கிறது. தெருக்கள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்கு, அதாவது 33 அடிக்கு, செங்கல் சுவர் 0.75 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேலே வேண்டுமானால் இன்னொரு 0.75 மீட்டர் கம்பி அடைப்பு. டீச்சர் வீட்டில் நான் செய்தது அந்த அளவுக்கு முழுதாகப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு அடிக்கே தெரு தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த முனையில் அப்புறம் விபத்து நடந்து நான் கேள்விப்படவில்லை.

நெறித்தொகுப்பு ஒரு வழிகாட்டிதான், மாநிலம் தன் விதியில் எடுத்துக்கொண்டால்தான் கட்டாயம் என்பது எனக்குத் தெரியும். நமக்கு 2019ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. முனை மனையில் மூலையைச் சாய்வாக வெட்டி விட வேண்டும் என்கிற பழைய ஏற்பாடு அதிலும் இருக்கிறது. ஸ்பிளே என்று நாங்கள் சொல்வோம். பிளானில் ஸ்பிளே அழகாக இருக்கும். வீடு முடிந்து, புதுமனை புகுவிழாவும் முடிந்து ஆறு மாதத்தில் அந்த மூலையைச் சதுரமாக்கிச் சுவர் எழுப்பச் சொல்லி எங்களில் யாரையாவது கூப்பிடுவார்கள். யாராவது ஒருவர் போவோம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சின்ன மனைக்காரர்கள் அலைவது குறைந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கத்து மனைகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள்தான் அடங்கும். அந்த சுயசான்றுப் படிவத்தில் காம்பவுண்ட் சுவருக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தெருப் பக்கம் எத்தனை அடி, அதில் செங்கல் எவ்வளவு, கிரில் எவ்வளவு. பக்கத்து மனையின் மட்டத்திலிருந்து எத்தனை அடி. முனை மனையானால் மூலையில் எவ்வளவு. வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டும் மேஸ்திரியின் கையெழுத்தும் வேண்டும். எங்களையும் பொறுப்பாக்குங்கள். அப்படி ஒரு கையெழுத்து 2018ல் கேட்டிருந்தால் டீச்சர் வீட்டு முனையில் நான் ஏழடி ஏற்றியிருக்க மாட்டேன்.

சுவர் உயர்ந்ததற்குத் தெருதான் காரணம் என்று மேலே சொன்னேன். அதையும் பேசிவிட வேண்டும். பழைய தாரின்மேல் தாரைப் போடாதீர்கள், சுரண்டி எடுத்த கனத்துக்கே புதிதாகப் போடுங்கள் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு பெரிய சாலைகளில் சுரண்டும் எந்திரம் வருகிறது, பார்க்கிறேன். எங்கள் மாதிரி உள்தெருக்களில் எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை. மடிப்பாக்கமும் புழுதிவாக்கமும் 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் ஜல்லி கொட்டி, அதன்மேல் தார், அதன்மேல் ஜல்லி என்று போட்டதெல்லாம் இன்னும் அடியில் அப்படியே இருக்கிறது. சாக்கடை இணைப்புக்குத் தோண்டும்போது பார்த்தால் அடுக்கடுக்காகக் கருப்பும் சாம்பலுமாகத் தெரியும். ஒரு தெருவில் ஐந்து அடுக்கு எண்ணினேன். ஒப்பந்ததாரர் சுரண்டினாரா இல்லையா என்று தெருக்காரர்கள் சொன்னால், "எவ்வளவு ஏறியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். அளக்க ஒரு குறி இருந்தால்தானே சொல்ல முடியும்.

அதனால் என் முக்கியமான வேண்டுகோள், ஒவ்வொரு தெருவிலும் ஒரு மட்டக்கல் நட வேண்டும். இரண்டு முனையிலும் அசையாத இடத்தில், மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவரிலோ தனிக் கல்லிலோ, கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஒரு கோடு செதுக்கி எண் போட வேண்டும். தெருவின் மட்டம் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறக் கூடாது. தெருப் பக்கத்து காம்பவுண்ட் சுவரின் உயரத்தையும் தெருவின் நடுக்கோட்டிலிருந்து பார்க்காமல் அந்தக் கோட்டிலிருந்து பார்க்க வேண்டும். ரோடு போடுபவர், சுவர் கட்டுபவர், அதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே கோடு. சண்டை பாதி குறையும். சுவரை உயர்த்த வேண்டிய தேவையே பல வீடுகளுக்கு இல்லாமல் போகும்.

இது ஒன்றும் நம்மால் ஆகாத வேலை இல்லை. இந்தியா முழுவதையும் அளக்கும் பெரிய வேலையை லாம்டன் என்கிற அதிகாரி 1802ல் தொடங்கியது எங்கள் பக்கத்துப் பரங்கிமலை அடிவாரத்தில்தான். ஏழரை மைலுக்குச் சங்கிலி பிடித்து அளந்தார்களாம். அன்றைக்கு அது வெறும் புதரும் ஏரியும். இன்ஜினீயர் சார் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும். அந்த மலை தெரிகிற தூரத்தில் இருக்கிற எங்கள் தெருவின் மட்டத்தைக் குறிக்க ஒரு கல் நட முடியாதா?

பழைய சுவர்களை எல்லாம் இடிக்கச் சொல்லவில்லை. அது நடக்காது, கேட்பதும் நியாயம் இல்லை. முனைகளில் மட்டும் உடனே பாருங்கள். பள்ளிக்கூடம் இருக்கும் தெருக்களின் முனையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிள்ளைகள் விளையாடும் காலி மனையை ஒட்டிய சுவர்களுக்குப் பின்னால் மண் நிரப்பியிருக்கிறார்களா என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வார்டு இன்ஜினீயர்கள் ஒரு சுற்றுப் பார்க்கட்டும். சுவர் பள்ளத்துப் பக்கம் வயிறு தள்ளியிருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் போதும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மடிப்பாக்கத்து அம்மாவுக்குச் சுவரை மூன்றடி உயர்த்திக் கொடுக்கவில்லை. பழைய சுவரின் தலையைத் தட்டி எடுத்துவிட்டு, பில்லர்களைக் கம்பி வைத்துக் கெட்டிப்படுத்தி, மேலே இரண்டடிக்கு ஜாலிக் கல் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்று வரும், சமையலறை தெரியாது. கேட்டின் தாமரையைத் தனியாக வெட்டி எடுத்துப் புது கேட்டில் மேல்பாதியில் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வார்டில் மட்டக்கல் போடுவதாக யாராவது முன்வந்தால் எனக்கு ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். டியூப் மட்டமும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
மடிப்பாக்கம், சென்னை – 600 091.